குண்டூசித் தலை அளவு பூச்சி... சரிந்த சர்க்கரை சாம்ராஜ்யம்! காப்பாற்றிய கோவை கரும்பு: யார் இந்த டி.எஸ்.வெங்கட்ராமன்?

பொங்கல் வந்தால் திருநெல்வேலி டவுண் ரத வீதிகளில் நடக்க இடம் இருக்காது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி கரும்புக் கட்டுகள், மஞ்சள் குலை, பனங்கிழங்கு என்று குவிந்து கிடக்கும். மதுரை, தேனிப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும் கருஞ்சிவப்புக் கரும்பை ஒரு கட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போவது நெல்லைக்காரர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் விஷயம்.

பக்கத்திலேயே நயினார்குளம் மார்க்கெட். அங்கே வாழைத்தார் வியாபாரம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், களக்காடு, ஏர்வாடி என்று தாமிரபரணிப் பாசனத்திலும் மலையடிவாரத்திலும் விளைந்த தார்கள் இப்பகுதிச் சந்தைகளுக்கு வருகின்றன.

கரும்பும் வாழையும் பார்க்க வேறு வேறு. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு எதிரி உண்டு. குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. இலையில் உட்கார்ந்து சாறு குடிக்கும். போகும்போது ஒரு வைரஸை விட்டுவிட்டுப் போகும். இந்தப் பூச்சிகள் பரப்பிய நோயால்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஒரு மாகாணத்தில் சர்க்கரைத் தொழிலே கிட்டத்தட்ட படுத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிலும் கரும்பு தடுமாறியது.

அந்த இரண்டு இடங்களுக்கும் கைகொடுத்த கரும்புகள் எங்கிருந்து போயின தெரியுமா? நம்ம கோயம்புத்தூரிலிருந்து! அவற்றை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர் ஒரு தமிழர். அவர்தான் சர் டி.எஸ்.வெங்கட்ராமன்.

யார் அவர்? பூச்சிக்கும் வைரஸுக்கும் கரும்புக்கும் என்ன சம்பந்தம்? தாமிரபரணிக் கரை விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த வெங்கட்ராமன்?

முழுப்பெயர் திருவாடி சாம்பசிவ ஐயர் வெங்கட்ராமன். பிறந்தது 1884 ஜூன் 15. தாவரவியல் படித்து, சென்னை மாகாண வேளாண் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே அவருக்கு மேலதிகாரியாக அமைந்தவர் சார்லஸ் ஆல்ஃப்ரெட் பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். கரும்பையே தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்.

1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர் தலைமை, வெங்கட்ராமன் உதவியாளர். நிலையம் தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. கரும்பு பிறந்த மண் என்று சொல்லிக்கொள்ளும் இந்தியா, அன்றைக்கு ஜாவா தீவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. வட இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கரில் கரும்பு இருந்தும், அது விரல் தடிமனில் மெலிந்து, விளைச்சலும் குறைவாக இருந்தது. இதற்கு ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்பதுதான் அந்தச் சிறிய நிலையத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

ஏன் கோயம்புத்தூர்?

நல்ல கேள்வி. கரும்பு அதிகம் விளைவது வடக்கே. ஆராய்ச்சி ஏன் தெற்கே?

காரணம் பூ. கரும்பை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கணுவுள்ள துண்டை வெட்டி மண்ணில் புதைப்பார்கள். அதுதான் கரணை. கரணையிலிருந்து வருவது தாய்க் கரும்பின் அச்சு அசல் நகல். அதில் புதிதாக எதுவும் வராது. புதிய ரகம் வேண்டும் என்றால் இரண்டு கரும்பைப் பூக்கவைத்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் சேர்த்து, விதை எடுக்க வேண்டும்.

வட இந்தியக் குளிரில் கரும்பு பூப்பதே அபூர்வம். பூத்தாலும் விதை பிடிக்காது. கோயம்புத்தூர் தட்பவெப்பத்தில் நன்றாகப் பூக்கும், விதையும் பிடிக்கும். அதனால்தான் இந்த ஊர்.

அந்த விதையும் லேசுப்பட்டது அல்ல. பஞ்சு மாதிரி இருக்கும். கடுகைவிட எவ்வளவோ சின்னது, ஊதினால் பறந்துவிடும். அதை முளைக்கவைத்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, ஒவ்வொன்றையும் அளந்து, சாறு பிழிந்து பார்த்து, தேறாததைக் கழிக்க வேண்டும். வருடக்கணக்கில் செய்தால் தேறுவது நாலைந்துதான்.

நாணலோடு போட்ட சம்பந்தம்

இங்கேதான் கோவை நிலையம் ஒரு துணிச்சலான வேலை செய்தது.

தாமிரபரணிக் கரையில் நடந்தவர்களுக்கு நாணல் தெரியும். வெள்ளைக் கொண்டையோடு ஆற்றோரம் நிற்கும், வெள்ளம் வந்தாலும் சாயும், சாகாது. கரும்பின் காட்டு உறவான சக்காரம் ஸ்பான்டேனியமும் இப்படிப்பட்ட நாணல் இனம்தான். பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். இனிப்பு கிடையாது. விவசாயிக்கு அது களை.

அந்தக் களையை, வெள்ளை என்ற தமிழ்ப் பெயர் கொண்ட தடித்த இனிப்புக் கரும்போடு சேர்த்தார்கள். இனிப்பைக் கூட்ட வேண்டிய இடத்தில் இனிப்பே இல்லாத புல்லைக் கொண்டுவந்து சேர்ப்பதா என்று பார்த்தால் கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் கணக்கு வேறு. இனிப்பு அம்மாவிடமிருந்து வரட்டும், எதையும் தாங்கும் உடம்பு காட்டு அப்பாவிடமிருந்து வரட்டும் என்பதுதான் திட்டம்.

பிறந்தது கோ 205. கோ என்றால் கோயம்புத்தூர். 1918-ல் சாகுபடிக்கு வந்த இந்த ரகம், பஞ்சாபில் அதுவரை இருந்த மெலிந்த நாட்டுக் கரும்பைவிடக் கணிசமாகக் கூடுதல் விளைச்சல் தந்தது. காட்டுக்கரும்பை நேரடியாகச் சேர்த்து வணிக சாகுபடிக்கு வந்த முதல் கலப்பினக் கரும்பு என்று அறிவியல் வரலாறு இதைக் குறித்து வைத்திருக்கிறது.

1919 வாக்கில் பார்பர் இங்கிலாந்து திரும்பி, கேம்பிரிட்ஜில் கற்பிக்கப் போய்விட்டார். நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமன் கைக்கு வந்தது. அரசின் கரும்பு நிபுணர் என்ற பதவி. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியர்களுக்கு இப்படிப்பட்ட அறிவியல் பொறுப்புகள் எளிதில் கிடைக்காத காலம் அது. 1942 வரை அந்த நாற்காலியில் அவர்தான் இருந்தார்.

இதே நேரத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது?

மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடம் லூசியானா. அமெரிக்காவின் பழைய சர்க்கரை மாகாணம். நல்ல வருடங்களில் 3 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை எடுத்த இடம். அங்கே பயிரிட்டதெல்லாம் தடித்த, இனிப்பான உயர்ரகக் கரும்பு.

1910-களின் கடைசியில் அந்தக் கரும்பின் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகக் கோலம் விழுந்தது. ஆங்கிலத்தில் மொசைக். தமிழில் தேமல் நோய். ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செடி உடனே சாகவில்லை என்பதால் அலட்சியம். ஆனால் ஒவ்வொரு வருடமும் கரும்பு குட்டையாகி, விளைச்சல் இறங்கிக்கொண்டே போனது.

1926-ல் மாகாணம் முழுவதும் எடுத்த சர்க்கரை சுமார் 47 ஆயிரம் டன். அவ்வளவுதான். ஆலைகள் மூடின, தோட்டங்கள் கைமாறின. மோசமான வானிலையும் கரும்பைத் தாக்கிய மற்ற நோய்களும் சேர்ந்துகொண்டாலும், தேமல் நோய்க்கு இதில் பெரும் பங்கு இருந்தது.

குற்றவாளி யார்?

நோய் எப்படிப் பரவுகிறது என்று பல நாடுகளில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1920-ல் அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானி பிராண்டஸ் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். மக்காச்சோளத்தில் இருக்கும் அசுவினி என்ற சின்னப் பூச்சியை நோயுள்ள கரும்பில் விட்டு, பிறகு நல்ல கரும்புக்கு மாற்றினார். நல்ல கரும்பிலும் தேமல் வந்தது.

அதாவது, பூச்சி செய்த சேதத்தைவிட, பூச்சி சுமந்துவந்த ஒன்றுதான் கரும்பைக் கெடுத்தது. அந்த ஒன்றை அன்றைக்கு யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு தாவர வைரஸ் முதன்முதலாகப் படமாகத் தெரிந்தது 1939-ல்தான்.

பூச்சி எப்படி வைரஸைப் பரப்புகிறது? எளிய விளக்கம்

அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, இவை எல்லாம் சாறு உறிஞ்சும் பூச்சிகள். இலையைக் கடித்துத் தின்னும் பல் இவற்றுக்குக் கிடையாது. தலைமுடியைவிட மெலிந்த ஊசி போன்ற வாய் உண்டு. அதை இலைக்குள் இறக்கி, உறிஞ்சுகுழல் வைத்து இளநீர் குடிப்பதுபோலச் சாற்றைக் குடிக்கும்.

டாக்டரின் ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசியைக் கழுவாமல் அடுத்தவருக்குப் போட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். ஆனால் எல்லா வைரஸும் ஒரே மாதிரி பயணம் செய்வதில்லை. முக்கியமாக இரண்டு வழிகள்.

முதல் வழி: ஊசி முனையில் ஒட்டிப் போவது. கரும்புத் தேமல் இந்த வகை. நோயுள்ள இலையில் சில விநாடிகள் ஊசியை இறக்கி ருசி பார்த்தாலே போதும், வைரஸ் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் சில விநாடி ருசி பார்த்தால் இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில், அதிகம் போனால் சில மணி நேரத்தில், பூச்சியின் வாய் சுத்தமாகிவிடும். மறுபடி நோயுள்ள செடிக்குப் போனால்தான் மறுபடி ஒட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. மக்காச்சோள அசுவினிக்குக் கரும்பு பிடித்த சாப்பாடு இல்லை. பறந்து வந்து உட்காரும், ருசி பார்க்கும், இது நமக்குச் சரிப்படாது என்று அடுத்த செடிக்குப் போகும். அங்கேயும் ருசி பார்க்கும். ஒரே செடியில் குடும்பம் நடத்தும் பூச்சியைவிட, இப்படி வாசலுக்கு வாசல் எட்டிப்பார்க்கும் பூச்சிதான் இந்த வகை வைரஸை வேகமாகப் பரப்புகிறது.

மருந்து அடித்தால் நிற்காதா? இந்த வகையில் பெரிதாகப் பலன் இல்லை. மருந்து பட்டு பூச்சி சாக நிமிடங்கள், மணிகள் ஆகும். வைரஸ் இறங்க விநாடிகள் போதும். பூச்சி சாவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது வழி: உடம்புக்குள் புகுந்து போவது. இங்கே வைரஸ் சாறோடு பூச்சியின் குடலுக்குள் போய், குடல் சுவரைத் தாண்டி, உடல் திரவத்தில் கலந்து, கடைசியில் எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். இதற்கு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஆகும். ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் அந்தப் பூச்சி பல நாட்கள், சிலவற்றில் சாகும்வரை, நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

இந்த இரண்டாவது வழியைத் தெளிவாக்கியதில் பெரும்பங்கு ஹெச்.ஹெச்.ஸ்டோரி என்ற விஞ்ஞானிக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்த்தபோது, மக்காச்சோளத்தைத் தாக்கும் ஸ்ட்ரீக் எனும் கோடு நோயை ஒரு தத்துப்பூச்சி பரப்புவதை 1925-ல் காட்டினார். பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு ஆச்சரியத்தைக் கண்டார். அதே இனத் தத்துப்பூச்சிகளில் சிலவற்றால் நோயைப் பரப்பவே முடியவில்லை. அவற்றின் குடலில் நுண்ணிய ஊசியால் ஒரு ஓட்டை போட்டார். உடனே அவையும் பரப்பத் தொடங்கின! குடல் சுவர்தான் வைரஸுக்கு வாசல் கதவு என்று இதிலிருந்து தெரிந்தது.

டர்பன் கரும்புக் காட்டில் தமிழர்கள்

டர்பன் என்றதும் ஒரு தமிழ்த் தொடர்பு. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகப் போன முதல் கப்பல் அது. 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்கள் இப்படிப் போனார்கள். அதில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம்.

அந்தத் தோட்டங்களில் பல காலம் ஆண்டது ஊபா என்ற ஒரே கரும்பு ரகம். மெலிந்தது, கடினமானது. தேமல் நோயை ஊபா தாங்கியது. ஆனால் கோடு நோய் வந்ததும் தளர்ந்தது. ஒரே ரகத்தை நம்பிய தோட்டத்துக்கு அந்த ரகம் விழுந்தால் வேறு போக்கில்லை.

கோவையிலிருந்து போன கரணைகள்

இப்போது வெங்கட்ராமனுக்குத் திரும்புவோம்.

1920-களில் அவருடைய நிலையம் வரிசையாகப் புதிய ரகங்களை வெளியிட்டுக்கொண்டிருந்தது. உலகின் பல இடங்களிலிருந்து கரும்புகளை வரவழைத்து, உள்ளூர்க் காட்டுக்கரும்பின் ரத்தம் உள்ள ரகங்களோடு சேர்த்தார். இரண்டு இனத்தோடு நிற்காமல் மூன்று இனங்களின் குணத்தை ஒரே கரும்பில் கொண்டுவந்தார்.

அப்படி வந்த இரண்டு பெயர்கள் கோ 281, கோ 290. இவை இரண்டும் கடல் கடந்தன.

லூசியானாவில் முதலில் கைகொடுத்தவை ஜாவாவில் உருவான பி.ஓ.ஜே. ரகங்கள். அவற்றைத் தொடர்ந்து 1930-களின் தொடக்கத்தில் கோ 281-ம் கோ 290-ம் அங்கே விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டன. தேமல் நோய் சுற்றிலும் இருக்கும்போதும் நின்று விளையும் திறன் இவற்றுக்கு இருந்தது. சரிந்த தொழில் நிமிர்ந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம். கோ 290-ன் பெற்றோரில் ஒன்று டி 74 என்ற கரும்பு. லூசியானாவில் தேமலுக்குப் பலியான பழைய ரகங்களில் அதுவும் ஒன்று! அங்கே விழுந்த கரும்பின் வாரிசுதான், கோவையில் வேறு ரத்தம் கலந்து, அதே மண்ணுக்குத் திரும்பிப் போய் நின்றது.

நேட்டாலிலும் இதே கதை. ஊபாவின் இடத்தை 1930-களில் கோ 281, கோ 290, கோ 301 ஆகிய கோவை ரகங்கள் பிடித்தன. தமிழ்க் கூலிகளும் அவர்கள் பிள்ளைகளும் உழைத்த அந்தக் காட்டில், தமிழ் மண்ணில் பிறந்த கரும்பு முளைத்தது.

வெங்கட்ராமன் வைரஸை ஒழித்தாரா?

இல்லை. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பூச்சி ஆராய்ச்சியாளரும் அல்ல, வைரஸ் நிபுணரும் அல்ல. அவர் தேடியது விளைச்சல், சர்க்கரைச் சத்து, வறட்சியும் தண்ணீரும் தாங்கும் தன்மை. காட்டுக்கரும்பின் ரத்தத்தோடு நோய் தாங்கும் குணமும் சேர்ந்து வந்தது. எல்லா கோ ரகத்துக்கும் அந்தக் குணம் ஒரே அளவில் இருந்ததும் இல்லை.

வைரஸும் சும்மா இருக்கவில்லை. அது வடிவம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று தாங்கும் கரும்பு பத்து, இருபது வருடத்தில் தாங்காமல் போகலாம். லூசியானாவிலும் நேட்டாலிலும் கோ ரகங்களின் இடத்தைப் பின்னாளில் வேறு ரகங்கள் பிடித்தன. அந்தப் புதிய ரகங்களை உருவாக்கும்போது கோவைக் கரும்புகள் பெற்றோராகப் பயன்பட்டன. அதனால்தான் இனப்பெருக்க நிலையம் என்பது ஒரு ரகத்தோடு மூடிவிடும் கடை இல்லை.

இந்தியாவில் என்ன மாறியது?

1930 வாக்கில் இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் சர்க்கரையை, பெரும்பாலும் ஜாவாவிலிருந்து, இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 1932-ல் உள்நாட்டுச் சர்க்கரைக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் வந்தது. ஆலை போட முதலாளிகள் தயாராக இருந்தார்கள். ஆலைக்குக் கரும்பு வேண்டுமே? கோ ரகங்கள் அதற்குள் வயலில் தயாராக இருந்தன. சுமார் 30 என்றிருந்த நவீன ஆலைகள் சில வருடங்களிலேயே 130-ஐத் தாண்டின. இறக்குமதி கிட்டத்தட்ட நின்றது.

தென்னிந்தியாவைக் கலக்கியது கோ 419. ஜாவாவின் புகழ்பெற்ற பி.ஓ.ஜே. 2878 ஒரு பக்கம், கோ 290 மறுபக்கம். இந்த ரகம் பல வருடங்கள் தெற்கின் ஆலைக் கரும்பாக நின்றது.

சோளத்தோடும் மூங்கிலோடும்!

வெங்கட்ராமனின் ஆர்வம் கரும்போடு நிற்கவில்லை. கரும்பு வளர 10 முதல் 12 மாதம் ஆகும். சோளம் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்தால் சீக்கிரம் விளையும் கரும்பு கிடைக்குமா? 1930-களில் கரும்பையும் சோளத்தையும் சேர்த்துக் கலப்பினம் எடுத்தார். பிறகு கரும்பையும் மூங்கிலையும் சேர்த்துப் பார்த்தார். உலகம் முழுக்கத் தாவரவியலாளர்கள் புருவம் உயர்த்தினார்கள்.

வணிக ரீதியில் இவை பெரிதாகப் போகவில்லை. ஆனால் புல் குடும்பத்தில் எவ்வளவு தூரத்துச் சொந்தத்தையும் சேர்க்க முடியும் என்று காட்டின. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1930-களின் நடுவில் சில வருடங்கள் இந்த நிலையத்தில் பணியாற்றிக் கரும்பின் மரபணு ஆராய்ச்சியைச் செய்தார்.

1937-ல் ஹைதராபாத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வெங்கட்ராமன் தலைமை தாங்கினார். அங்கே அவர் பேச எடுத்துக்கொண்டது கரும்பை அல்ல, இந்தியக் கிராமத்தை. அதன் நேற்று, இன்று, நாளை என்பதே தலைமையுரையின் பொருள்.

1942-ல் ஓய்வு. பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்தது. சுதந்திர இந்தியா 1956-ல் பத்மபூஷண் கொடுத்தது. 1963 ஜனவரி 18-ல் காலமானார். பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கை தெருவில் இன்னும் காயாத நாட்கள் அவை.

இன்றைக்கு நெல்லைக்கு இதில் என்ன பாடம்?

பெரிய பாடம் இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பூச்சிகள் எங்கேயும் போய்விடவில்லை.

வாழை: வாழை விவசாயிகள் பயப்படும் முடிக்கொத்து நோயைப் பரப்புவது வாழை அசுவினி. கரும்பழுப்பு நிறத்தில் இலையுறையின் இடுக்கில் ஒளிந்திருக்கும். எறும்பு ஏறி இறங்கினால் அசுவினி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். நோய் வந்த வாழையில் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். தார் தள்ளாது, தள்ளினாலும் தேறாது. இதை அசுவினிதான் பரப்புகிறது என்று 1920-களில் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மாகி நிரூபித்தார். தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி மலைவாழை இந்த நோயால் பட்ட அடி சாதாரணம் அல்ல.

நெல்: தாமிரபரணிப் பாசனத்தின் உயிர்நாடி நெல். நெல்லைத் தாக்கும் துங்ரோ நோயைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. பயிர் குட்டையாகி இலை ஆரஞ்சு மஞ்சளாக மாறும். இதில் இரண்டு வைரஸ்கள் கூட்டுச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது கூடுதல் சிக்கல்.

உளுந்து, பாசிப்பயறு, வெண்டை: இவற்றில் வரும் மஞ்சள் தேமலுக்கு வெள்ளை ஈ காரணம்.

கரும்பு: தென்காசி மாவட்டத்தின் புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்குத் தேமல் புதிதல்ல. மஞ்சள் இலை நோய் என்ற இன்னொரு வைரஸையும் அசுவினி பரப்புகிறது. இலையின் நடுநரம்பு மஞ்சளாவது இதன் அடையாளம்.

என்ன செய்யலாம்?

தாவர வைரஸைக் குணமாக்க வயலில் அடிக்கும் மருந்து எதுவும் இல்லை. வந்தபின் விரட்ட முடியாது, வராமல் பார்க்க வேண்டும். அதற்கான வழிகள்:

1. கரணை, கன்று தேர்வு. பூச்சியைவிட வேகமாக, தூரமாக வைரஸைப் பரப்புவது மனிதர்கள்தான்! நோயுள்ள கரும்பை வெட்டிக் கரணை போட்டால், நோயுள்ள வாழையின் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால், அடுத்த ஊருக்கே நோய் போய்விடும். நல்ல தோட்டத்தில் பார்த்து எடுக்க வேண்டும். வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்பு நாற்று இன்னும் பாதுகாப்பு.

2. நோயுள்ள செடியை உடனே அகற்றுவது. இன்னும் ஒரு தார் வரட்டுமே என்று விட்டுவைத்தால் சுற்றியிருக்கும் வாழையும் போய்விடும். முடிக்கொத்து நோயில் முதலில் அசுவினிக்கு மருந்து அடித்து, பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். மருந்து அடிக்காமல் வெட்டினால் பூச்சி பக்கத்து வாழைக்கு நகர்ந்துவிடும்.

3. வரப்பைச் சுத்தமாக வைப்பது. பயிர் இல்லாத நேரத்தில் வைரஸும் பூச்சியும் தங்கும் சத்திரம் களைதான்.

4. தாங்கும் ரகத்தைத் தேர்வு செய்வது. உள்ளூர் வேளாண் அலுவலகத்தில் கேட்டு, அந்தப் பகுதிக்குப் பரிந்துரைக்கும் ரகத்தைப் போடுவது நல்லது.

5. ஊர் முழுக்க ஒரே ரகம் வேண்டாம். லூசியானாவும் நேட்டாலும் சொல்லும் பாடம் இது.

தொடரும் வேலை

1912-ல் தொடங்கிய அந்தச் சின்ன நிலையம் இன்றைக்குக் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனமாக நிற்கிறது. கேரளத்தின் கண்ணூரில் உலகக் கரும்பு வகைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. நம் ஆலைகளுக்குப் பல வருடங்களாகப் போகும் கோ 86032 ரகமும் அங்கே பிறந்ததுதான். தாமிரபரணிக் கரையிலேயே அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இதே போன்ற வேலையை நெல்லுக்குச் செய்துவருகிறது. நெல்லைக்காரர்கள் சாப்பிட்டு வளர்ந்த ஏஎஸ்டி 16 அரிசி அங்கிருந்து வந்தது.

ரத வீதியில் பொங்கலுக்கு விற்கும் கரும்பு தடித்தது, மென்மையானது, கடித்தால் சாறு ஒழுகும். லூசியானாவில் விழுந்ததும் இதுபோல் தடித்த இனிப்புக் கரும்புதான். நாம் டீயில் போடும் சர்க்கரையோ, அதைவிட மெலிந்து நிற்கும் ஆலைக் கரும்பிலிருந்து வருகிறது. அந்தக் கரும்பின் உடம்பில் ஆற்றங்கரை நாணலின் ரத்தம் இன்னும் ஓடுகிறது. அந்தச் சம்பந்தத்தைச் செய்துவைத்தவர்களில் ஒருவர், நம்மில் பலர் பெயரே கேள்விப்படாத வெங்கட்ராமன்.